பாக் நீரிணைக்கு ஏன் டி.சி. கேபிள்?

கேள்வி: இந்தியா, இலங்கை இரண்டிலும் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ்தான். நீரிணையும் குறுகலானது. மதுரை–அநுராதபுரம் மின் இணைப்புக்கு டி.சி. (நேர்திசை மின்சாரம்) எதற்கு, ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) கேபிள் போதாதா?
– வாசகி, இராமநாதபுரம்

போதாது, தூரம் மட்டும் காரணமல்ல. மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்குத் தரைவழி 400 கிலோவோல்ட் ஏ.சி. லைன்தான் போகிறது. ஆனாலும் பேராமாராவில் ஏ.சி.யை டி.சி.யாக்கி, அதே வளாகத்திலேயே மீண்டும் ஏ.சி.யாக்குகிறார்கள். 2013-இல் 500 மெகாவாட், 2018-இல் இன்னொரு 500. இரு நாட்டு கிரிட்டின் (மின்வலையமைப்பின்) அலைவெண்ணும் நொடிக்கு நொடி 49.97, 50.02 என்று தனித்தனியே அசையும். ஏ.சி.யில் பூட்டினால் ஒரு பக்கத்துத் தடுமாற்றம் அப்படியே மறுபக்கம் பாயும். டி.சி.யில் எவ்வளவு அனுப்புவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

கடலடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேபிள், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு நீண்ட கெப்பாசிட்டர். 400 கிலோவோல்ட் ஏ.சி. கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், ஃபேஸ் ஒன்றுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 14.5 ஆம்பியர் வெறும் சார்ஜிங் கரண்ட் (கேபிளையே ஊட்டி வடிப்பதற்குப் போகும் கரண்ட்). 50 கிலோமீட்டருக்கு 725 ஆம்பியர்! செம்பின் கொள்ளளவில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். டி.சி.யில் கேபிள் ஒருமுறை சார்ஜ் ஆனால் போதும்.

ஏ.சி.யையும் டி.சி.யையும் ஒன்றை மற்றொன்றாக்கும் கன்வெர்ட்டரின் தேர்வில்தான் கவனம் வேண்டும். தைரிஸ்டர் (ஏ.சி. கிரிட்டின் துணையோடுதான் அணையும் மின் ஸ்விட்ச்) வகை, அனுப்பும் மெகாவாட்டில் பாதி அளவுக்கு ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் அலையும் மின்திறன்) கேட்கும். அதற்கு வலுவான கிரிட் தேவை: 500 மெகாவாட்டுக்கு ஷார்ட் சர்க்யூட் லெவல் (கிரிட்டின் வலுவைக் காட்டும் அளவு) 1,500 எம்.வி.ஏ.யாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏ.சி. பக்கம் வோல்டேஜ் சற்றுச் சரிந்தாலும் கரண்ட் ஒரு தைரிஸ்டரிலிருந்து அடுத்ததற்கு மாறாமல் போகும். ஐ.ஜி.பி.டி. (நினைத்த கணத்தில் அணைக்கக்கூடிய டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. இருண்டுபோன கிரிட்டையும் அதைக் கொண்டே எழுப்பலாம். 2025 பிப்ரவரி 9-இல் இலங்கை முழுவதும் இருண்டதை நினைத்தால், மின் இழப்பு சற்றுக் கூடினாலும் இதையே நாம் பரிந்துரைப்போம். இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை ஒட்டியதே என்பதால், 500 மெகாவாட் திடீரென அறுந்தால் அலைவெண் சரிந்துவிடும். இரு துருவங்களாகப் பிரித்து, ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும்படி அமைப்பது கட்டாயம்.

கேள்வி: நங்கூரம் பட்டால்?
– வாசகர், மன்னார்

கேபிள் அறும். 2016 நவம்பரில் ஆங்கிலக் கால்வாயில் பிரிட்டன்–பிரான்ஸ் இடையிலான எட்டு கேபிள்களில் நான்கு சேதமாகி, 2,000 மெகாவாட் இணைப்பு பாதியானது. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, இழுவை மடியும் ஓடுகிறது. எனவே மண்ணில் ஒரு மீட்டருக்குக் கீழே புதைக்க வேண்டும், பாறை வரும் இடத்தில் மேலே கல் கொட்ட வேண்டும். அறுந்த இடத்தைக் கரையிலிருந்தே தேடலாம். கேபிளுக்குள் அனுப்பும் மின்துடிப்பு மைக்ரோநொடிக்குச் சுமார் 170 மீட்டர் ஓடும்; 200 மைக்ரோநொடியில் எதிரொலித்துத் திரும்பினால் பழுது 17 கிலோமீட்டரில் இருக்கிறது. பிறகு அங்கே வெட்டி, இரு முனைகளையும் கப்பலுக்கு ஏற்றி, நடுவே உதிரித் துண்டு வைத்து இரண்டு ஜாயின்ட் போட வேண்டும். ஜாயின்டுக்குள் ஈரமோ தூசியோ புகுந்தால் மறுபடி அங்கேயே வெடிக்கும். அதனால் தூசி புகாத, ஈரம் நீக்கிய கூடாரத்துக்குள்தான் அந்த வேலை. ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள் பிடிக்கும். உதிரி கேபிளை முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்கி வையுங்கள். பிறகு தனியாகச் செய்யச் சொன்னால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.