நேரம் வைத்துக் கொடுத்தால் பால் குறையுமா?

கேள்வி: மூன்றரை மாத மகனுக்கு, அழும்போதெல்லாம் பால் கொடுத்துவந்தேன். மதுரையில் மீண்டும் வேலைக்குச் செல்லவிருப்பதால், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பழக்குகிறேன். இப்போது மார்பு முன்போல் கனப்பதில்லை. மாமியார் பூண்டும் சுறாப்புட்டும் தருகிறார். பால் வற்றுகிறதா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கனம் குறைந்ததை மட்டும் வைத்து அப்படி முடிவுசெய்ய வேண்டாம், முதல் சில வாரங்களுக்குப் பின் சுரப்பு குழந்தையின் தேவைக்கேற்பச் சீராவதால், பல தாய்மாருக்கு அது இயல்பாகவே குறையும். நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழிக்கிறானா, எடை கூடுகிறதா என்பதையே பாருங்கள். எடையை அங்கன்வாடியிலேயே பார்க்கலாம்.

எனினும் உங்கள் ஐயம் காரணமற்றதன்று. பால் மார்பில் தேங்கினால் சுரப்பு தணியும், வெளியேறினால் மீண்டும் ஊறும். ஆகவே இடைவெளியைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரமாகக் கூட்டுங்கள். அவன் கையைச் சப்பினாலோ, தலையைத் திருப்பித் தேடினாலோ, கடிகாரத்தைப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில் மிகுவதால், இரவுப் பாலை நிறுத்த வேண்டாம். பணியிடத்தில், அவன் வழக்கமாகக் குடிக்கும் நேரங்களில் பாலைப் பீய்ச்சி எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்னும் கணக்கு, நம் சித்திரை வெயிலில் செல்லாது.

சுறா மீனில் பாதரசம் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், பாலூட்டும் காலத்தில் சுறாப்புட்டைத் தவிருங்கள். பூண்டை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள், மாமியாரும் மகிழ்வார். ஆனால் பாலை வெளியேற்றுவதற்கு அது மாற்றாகாது. எடை கூடவில்லையென்றால் தாமதியாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.