வெளுத்த போட்டுக்கு மினுமினுப்பு திரும்புமா?

கேள்வி: 2005-ல் சுனாமி நிவாரணத்தில் கிடைத்த பைபர் போட். நீலமாக இருந்தது, இப்போது சாம்பல் பூத்த மாதிரி நிற்கிறது. தடவினால் கையில் சுண்ணாம்பு போலத் தூள் ஒட்டுகிறது. பாலிஷ் போடலாமா, பெயிண்ட் அடித்துவிடலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பெயிண்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள். நீங்கள் பார்க்கும் நீலம் பெயிண்ட் இல்லை, ஜெல்கோட். நிறம் கலந்த ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின் அது; கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இருபது வருட வெயிலில் மேல்தோல் சிதைந்து தூளாகியிருக்கிறது. அடியில் நல்ல தோல் எவ்வளவு மிச்சம் என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். பக்கவாட்டில் ஊற்றிப் பாருங்கள். ஈரம் காயும்வரை பழைய நீலம் தெரிந்தால் பாலிஷுக்குப் பிழைக்கும். நனைத்தும் வெளிறியே இருந்தால் சந்தேகம்தான். கண்ணாடி நூல், அதாவது மேட், வரி வரியாகத் தெரிந்தால் ஜெல்கோட் தீர்ந்தது. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. புது ஜெல்கோட்டோ பெயிண்டோதான் வழி.

பிழைக்கும் என்றால், பாத்திரம் துலக்கும் சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டு உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகக் கழுவிக் காயவிடுங்கள். எடுத்த எடுப்பில் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைத் தொடாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ரப்பிங் காம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) மட்டும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே நிறம் எழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எழாவிட்டால் 1000 நம்பர் பேப்பர். அதற்கும் மசியாவிட்டால்தான் அதைவிடக் கரடான 800. 800-ல் தேய்த்தால் அந்தக் கீறல் போக 1000, 1500 என்று மேலே ஏறி வர வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒவ்வொரு நம்பருக்கும் திசை மாற்றித் தேயுங்கள். அவ்வப்போது துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இல்லாமல் ஒரே சீராக மங்கலாகத் தெரிந்தால் போதும், அப்புறம் காம்பவுண்ட்.

பஃபிங் மெஷின் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைத்து வையுங்கள், ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். விளிம்பிலும் மூலையிலும் ஜெல்கோட் சீக்கிரம் தேய்ந்துபோகும். அங்கே கைதான் நல்லது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு போட்டின் அணியத்து (முன்பக்க) விளிம்பில் மெஷினைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, மேட் தெரியும்வரை தின்றுவிட்டேன். போட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த போட்டை என்னிடம் கொண்டுவரவும் இல்லை.

காலை வெயில் ஏறுமுன் அல்லது நிழலில் செய்யுங்கள். சூடான போட்டில் காம்பவுண்ட் காய்ந்து அப்பிக்கொள்ளும். முடித்த கையோடு மெழுகு போட்டுவிடுங்கள். அதை விட்டால் அத்தனை உழைப்பும் வீண், போட் மறுபடி வெளுக்கத் தொடங்கிவிடும். இன்னொன்று: தேய்க்குமுன் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: தேங்காய் எண்ணெயும் டீசலும் கலந்து துடைத்தால் பளபளக்கிறதே, அது போதாதா? (குளச்சல்)

பதில்: தண்ணீர் ஊற்றினால் நிறம் தெரிகிறதே, அதே வித்தைதான். எண்ணெய் காய்ந்ததும் பழைய கோலம், மேலே மண் வேறு ஒட்டியிருக்கும். பின்னால் ஜெல்கோட் போட நினைத்தால் எண்ணெய் படிந்த இடத்தில் பிடிக்காது. மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவது வேறு விஷயம். மரம் எண்ணெயைக் குடிக்கும், பைபர் குடிக்காது.

கேள்வி: போல்ட்டுக்குக் கீழே பழுப்பாகத் துருக் கோடு. கழிவறை ஆசிட் போடலாமா? (தூத்துக்குடி)

பதில்: வேண்டாம். அது போல்ட்டையே அரித்து இன்னும் துருவை இறக்கும். ஆக்ஸாலிக் ஆசிட் தூளை பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துணியால் தடவி, சில நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள். விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றாவிட்டால் கோடு திரும்ப வரும்.

கேள்வி: ஏரியில் ஓடும் பெடல் போட்டுகளில் சிவப்பு மட்டும் சீக்கிரம் வெளுக்கிறது. வெள்ளை அப்படியே இருக்கிறது. ஏன்? (கொடைக்கானல்)

பதில்: வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்ஸைடு வெயிலைத் தாங்கும். சிவப்புச் சாயங்களில் பல அப்படித் தாங்காது. வெள்ளையும் மங்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மலை மேல் குளிராக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும். ஓடாத நேரத்தில் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் வேகும். காற்றுப் போகிற துணி நல்லது.

கேள்வி: நானே ஜெல்கோட் அடித்தேன். மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. இறுக வைக்கும் ஹார்ட்னர் குறைவா?

பதில்: நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்து மேலே மட்டும் ஒட்டினால் குற்றம் காற்றுடையது. சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்ட மேற்பரப்பில் முழுதாக இறுகாது. கடைசிக் கோட்டில் அதற்கென்று விற்கும் மெழுகுக் கரைசலைக் கலக்க வேண்டும். இப்போதைக்கு அசிட்டோனில் துடைத்துவிட்டுத் தேயுங்கள். நகம் உள்ளே இறங்கினால் ஹார்ட்னர்தான் குறைவு, முழுதும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஜெல்கோட்டுக்கு 15 முதல் 20 கிராம் ஹார்ட்னர் என்பது வழக்கமான அளவு. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

கேள்வி: அடிப்பாகத்துக்கும் மெழுகு போடலாமா?

பதில்: தண்ணீரிலேயே கிடக்கும் போட் என்றால் கூடாது, பாசி பிடிக்காமல் அடிக்கிற பெயிண்ட் அதன் மேல் நிற்காது. தினமும் கரையேற்றும் போட்டில் மெழுகை மணலே சுரண்டிவிடும். அங்கே மேட் வெளியே தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள், போதும்.