சப்பாத்திக்கள்ளிப் பழம் தினமும் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாமா? இது நம் முன்னோர் மூலிகைதானா?

உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருக்கிறது, யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழம் சாப்பிடுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

நாங்கள் மசினகுடிப் பக்கம். நீலகிரி என்றாலே எல்லோருக்கும் தேயிலையும் ஸ்வெட்டரும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் மலையின் மழை மறைவில் இருக்கிறோம். ஊட்டியில் மழை கொட்டுகிறது என்று மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கு விடுமுறை விடுகிற நாளில்கூட எங்கள் தெருவில் புழுதி பறக்கும். கோடையில் குடிதண்ணீருக்குக் கஷ்டம் என்று சொன்னால், "நீலகிரியிலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் பல வருடமாக மனதில் கிடக்கிறது.

சீகூர்ப் பக்கம் முழுக்க முள்காடு. வேலியோரம், பாறை இடுக்கு, எங்கே பார்த்தாலும் சப்பாத்திக்கள்ளி. பள்ளி விட்டு வரும்போது கவைக்குச்சியால் பழத்தைத் தட்டி விழவைப்போம். செருப்புக் காலால் மணலில் உருட்டி உருட்டித் தேய்த்தால் சுணை போய்விடும். அப்புறம் பிளந்து தின்போம். வீட்டுக்குப் போனதும் உதட்டைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவன் நான். நாட்டு மருந்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இரண்டு வருடம் முன்பு அப்பா ஒரு வீடியோ பார்த்தார். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இந்தச் சாறு குடித்தால் சர்க்கரை வேரோடு போய்விடும் என்றது அது. அவருக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் பழம் பறித்து வந்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் வாட்டி, சாறு பிழிந்து, அதில் நாட்டுச்சர்க்கரையும் போட்டுக் குடித்திருக்கிறார். ஏதோ பழம் சாப்பிடுகிறார் என்றுதான் நாங்கள் விட்டுவிட்டோம்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, கழிப்பறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் முழுக்கச் சிவப்பு. கிட்னி போய்விட்டது என்றே நினைத்தோம். ஜீப் பிடித்து, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஊட்டிக்குப் போனோம். வழி நெடுக அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்பாவின் கையைத் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார். "என்ன பழம்ங்கய்யா சாப்பிட்டீங்க?" என்றார். பரிசோதனையில் சிறுநீரில் ரத்தமே இல்லை. பீட்ரூட்டில் இருக்கிற அதே வகை நிறமி, பெட்டாலைன், இந்தப் பழத்திலும் இருக்கிறது. சிலருக்கு அது அப்படியே சிறுநீரில் இறங்குமாம். அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் சர்க்கரை அளவு வந்தது: 412. "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். காலுறையைக் கழற்றியபோதுதான் குதிகாலில் ஒரு புண் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அது ஆற நான்கு மாதம் ஆனது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் பழத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. நார்ச்சத்து, வைட்டமின் சி, மெக்னீசியம் எல்லாம் உண்டு. மெக்சிகோவில் முள் நீக்கிய இளம் மட்டையையே காய்கறியாகச் சமைக்கிறார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைந்ததாக அங்கே சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. அது மட்டை, நாட்டுச்சர்க்கரை போட்ட பழச்சாறு இல்லை. நோய் குணமானதாகவும் அவை சொல்லவில்லை. மாத்திரையோடு சேர்த்து அளவுக்கு மீறி எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. விதையை நிறைய விழுங்கினால் மலம் இறுகிக்கொள்ளும்.

முன்னோர் மூலிகை என்பதும் சரியில்லை. சங்கப் பாட்டில் வரும் கள்ளி வேறு, பால் வடிகிற கள்ளி. அந்தப் பால் விஷம், இரண்டையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். சப்பாத்திக்கள்ளியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பது இதன் மேல்தான். மட்டையில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? விரல் ரத்தச் சிவப்பாகும். அந்தச் சாயம் ஸ்பெயின்காரர்களுக்குப் பணத்தைக் கொட்டியது. அதைப் பார்த்து, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1780-களின் கடைசியில் அந்தப் பூச்சியை வளர்க்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது மட்டரக வகை, சாயம் தேறவில்லை. கள்ளி மட்டும் வேலி தாண்டிப் பரவியது. பரவியதை அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தென்னிந்தியாவில் ஏக்கர் ஏக்கராகக் கள்ளியைத் தின்று தீர்த்தது. வீடியோக்காரர்கள் இதில் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

அப்பா இப்போதும் பழம் சாப்பிடுகிறார், வாரத்துக்கு இரண்டு, மாத்திரையோடு. அன்று ஊட்டியிலிருந்து வந்ததும் காலண்டருக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தேன். இருபது நாள் மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. உங்கள் வீட்டு டப்பாவையும் இன்றைக்கே திறந்து எண்ணிப் பார்த்துவிடுங்கள்.