சூழ்ச்சிக்காரியா சோஃபியா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ரஷ்யாவின் மகா பீட்டர் பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய அக்கா சோஃபியா இரண்டே வரிகளில் வந்துபோகிறார். தம்பியை ஓரங்கட்டிய பதவி வெறி பிடித்த சூழ்ச்சிக்காரி என்றுதான் நான் படித்திருக்கிறேன். அவ்வளவுதானா அவர்?

கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவ்வளவுதான் இல்லை. அந்தச் சித்திரத்தில் பெரும்பகுதி ஜெயித்த தரப்பு தீட்டியது.

ரஷ்ய மன்னரான ஜாரின் மகள்களுக்கு அன்று கல்யாணமே கிடையாது. உள்ளூர்ப் பிரபுக்கள் அந்தஸ்தில் குறைந்தவர்கள், வெளிநாட்டு இளவரசர்கள் வேறு கிறிஸ்தவ சபையினர். தெரெம் என்ற அந்தப்புரத்திலேயே ஜெபமும் தையலுமாக ஆயுள் கழியும். அங்கிருந்துதான் 1682இல், 24 வயதில், சோஃபியா வெளியே வந்தார். அவருடைய தம்பி ஜார் ஃபியோதர் இறந்ததும் ஸ்த்ரெல்த்ஸி படைவீரர்கள் கிரெம்ளினுக்குள் புகுந்து பீட்டரின் தாய்வழி உறவினர்களை வெட்டிச் சாய்த்தார்கள். தூண்டியது சோஃபியாதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உடன்பிறந்த தம்பி இவான், மாற்றாந்தாய் மகன் பீட்டர் இருவரும் கூட்டு ஜார்கள் ஆனார்கள். நிர்வாகம் அக்கா கைக்கு வந்தது.

அந்த இரட்டை அரியணை கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. முதுகுப் பலகையில் ஒரு திறப்பு. திரைக்குப் பின்னாலிருந்து பையன்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க அது உதவியது என்பார்கள். ஆனால் சோஃபியா திரைக்குப் பின்னாலேயே இருந்துவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திருச்சபைச் சடங்குகளில் வந்த மாற்றங்களை ஏற்காத பழைய சடங்குக்காரர்கள் அரண்மனைக்கே வாதிட வந்தபோது சபையில் எல்லார் முன்னிலும் அமர்ந்திருந்தார். தன் தந்தையைப் பழித்ததும் கொதித்தெழுந்து, இப்படியென்றால் அரச குடும்பமே மாஸ்கோவைவிட்டுப் போய்விடும் என்று எச்சரித்தார். பிறகு 1685இல், மனம் மாறாத அவர்களை எரிக்கச் சொல்லும் சட்டம் வந்தது. அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

ஆனால் 1686இல் போலந்துடன் நிரந்தர சமாதானம் செய்து, 1,46,000 ரூபிள் கொடுத்து கீவ் நகரை உறுதிசெய்துகொண்டதும் அவர் ஆட்சிதான். 1687இல் மாஸ்கோவில் உயர்கல்விக்கூடம் தொடங்கியது. 1689இல் சீனாவுடன் நெர்சின்ஸ்க் எல்லை ஒப்பந்தம்.

சறுக்கியது கிரீமியாவில். அவருடைய முதன்மை அமைச்சர் கோலித்சின் நடத்திய இரண்டு படையெடுப்புகளும் வீண். இதற்குள் பீட்டருக்கு 17 வயதாகிவிட்டது. 1689 ஜூலையில் கசான் மாதா திருவுருவ ஊர்வலத்தில் அக்கா வரக்கூடாது என்றார். சோஃபியா திருவுருவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பீட்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். செப்டம்பருக்குள் படையும் பிரபுக்களும் தம்பி பக்கம் சாய, சோஃபியா நோவதேவிச்சி மடத்துக்கு அனுப்பப்பட்டார்.

பதவி ஆசை இருந்ததா? இருந்தது, நாணயத்தில் தன் முகத்தையே பொறித்தவர். சரி, விலகியிருந்தால் எங்கே போயிருப்பார்? தெரெம், இல்லையென்றால் மடம். இளவரசன் தோற்றாலும் ஒரு மாகாணமாவது கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அவருக்கு அதுவும் கிடையாது. 1698இல் ஸ்த்ரெல்த்ஸி மறுபடி கலகம் செய்தபோது, தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தும் பீட்டர் அவரைத் துறவியாக்கினார். 1704இல் அதே மடத்தில் இறந்தார்.