பொருள் தெரியாமல் வரும் கண்ணீர்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். எங்கள் பெரியத்தை வெள்ளிக்கிழமைகளில் கோவில் பஜனைக் குழுவில் பாடுகிறார். எழுபது வயதைத் தாண்டியவர். வீட்டில் பேச்சு முழுக்க இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். தேவாரத்தையும் பிரெஞ்சு எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறார். ஆனால் ‘காதலாகிக் கசிந்து’ என்று தொடங்கினாலே கண் நிறைந்துவிடும். துடைக்கக்கூட மாட்டார், பாட்டையும் விடமாட்டார்.

என் மகன் கேட்கிறான்: “அர்த்தமே தெரியாம எப்படிப்பா அழறாங்க? நடிப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்குப் பொருள் தெரியும், இலக்கணம் தெரியும். ஆனால் ஒருநாளும் அழுகை வந்ததில்லை. குறை என்னிடம்தானா? அழவைப்பது சொல்லா, ராகமா? குழுவினருக்குப் பொருள் சொல்லித்தரலாம் என்று இருக்கிறேன். அதனால் அந்த அழுகை நின்றுவிடுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.

ஒரு வாசகர், ரோஸ்ஹில்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உங்கள் மகனுக்கு. நடிப்பு இல்லை. நடிக்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள், துடைப்பதை நாலு பேர் பார்த்தார்களா என்றும் பார்ப்பார்கள். உங்கள் பெரியத்தை பாட்டை விடாமல் பாடுகிறார் என்கிறீர்கள். சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்விக்கு நம் தீவின் மேடைகளில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “மொழி தெரியாதவரையும் அழவைக்கிறதே, அதுதான் தமிழின் சக்தி!” கைத்தட்டலும் கிடைக்கும். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை கிடையாது. ரேடியோவில் பழைய இந்திப் பாட்டு ஒன்று வந்தால், இந்தியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத நம் வீட்டுப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவதில்லையா? அப்போது இந்தியின் சக்தி என்று நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவோம்.

சொல் தெரியாமலே இசையில் கொஞ்சம் நமக்கு எட்டும் என்பது உண்மைதான். கேமரூனின் வடக்கு மலைகளில் வாழும் மாஃபா மக்களிடம் மேற்கத்திய இசைத் துண்டுகளைப் போட்டுக்காட்டி, அந்த ஆய்வை 2009இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அவ்விசையைக் கேட்டே இராதவர்கள் அவர்கள். இருந்தும் எது மகிழ்ச்சி, எது சோகம், எது பயம் என்று வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிட அதிகமாகவே சரியாக அடையாளம் காட்டினார்கள். ஆனால் ‘இது சோகப்பாட்டு’ என்று தெரிந்துகொள்வது வேறு, கண்ணில் நீர் வருவது வேறு. சாவு வீட்டு வாசலைக் கடந்து போகிறவருக்கும் உள்ளே சோகம் என்று தெரியும். அவர் அழுவதில்லை.

அடுத்த சுலபமான பதில் ராகம். முகாரி என்றால் அழுகை என்று சினிமா பார்த்த எல்லோரும் சொல்வார்கள். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று பூரித்துப் பாடிய கீர்த்தனையும் அதே முகாரியில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் தீவின் ஆட்டப் பாட்டான செகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரவான் என்ற பறையின் ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி இறுக்குகிறார்கள், நம் தப்புக்காரர்கள் செய்கிற அதே வேலை. தாளம் விழுந்ததும் உட்கார்ந்திருப்பவரின் காலும் ஆடத் தொடங்கும். துள்ளல் இசை என்று சுற்றுலாக்காரர்கள் ஓட்டலில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் சாகோஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பாடும் செகாவைக் கேட்டிருக்கிறீர்களா? 1968க்கும் 1973க்கும் இடையில், அங்குள்ள டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வருவதற்காக பிரிட்டிஷ் அரசு அந்தத் தீவுகளைக் காலி செய்தது. பலரை போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. தம்பூர் என்ற பறையைத் தட்டிப் பாடும் அவர்களுடைய ‘செகா தம்பூர்’ மரபை 2019இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாட்டுக்கு இடுப்பு ஆடுகிறது, கை தட்டுகிறது, கண்ணும் நிறைகிறது. சோக ராகம் எங்கே இருக்கிறது அதில்?

தொல்காப்பியர் அழுகைக்கு நாலே காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, இழந்துபோவது, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அதில் இசை இல்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டு தானாக அழுகையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் இந்த நாலில் ஒன்றை வெளியே விடுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சாகோஸ் பாட்டில் நாலும் இருக்கின்றன.

இதனால் ராகத்துக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர், எந்த இசையின் எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணீர் வருகிறது என்று பலரைக் கேட்டு, அந்த இடங்களை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துப் பார்த்தார். 1991இல் அதை எழுதினார். கண்ணீர் வந்த இடங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி வேலை இருந்தது: பாட்டு போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்கு நேரே போகாமல், பக்கத்து ஸ்வரத்தில் ஒரு கணம் சாய்ந்து நின்று, பிறகு அதில் இறங்குவது. சிலிர்ப்பு வந்த இடங்கள் வேறு மாதிரி. அங்கே எதிர்பாராத திருப்பம் இருந்தது. மேற்கத்திய இசைக்குச் சொன்னது இது. நம் இசையில் சாய்ந்து இறங்காத ஸ்வரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது உங்கள் பெரியத்தையின் பாட்டுக்கு வாருங்கள். அது வரும் நமச்சிவாயப் பதிகத்தின் பண் கௌசிகம். இன்று ஓதுவார்கள் அதை பைரவியில் பாடுகிறார்கள். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம் (ச ரி க ம ப த நியில் வரும் ‘த’), இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு தைவதம். ஏறும்போது பழகிய காது, இறங்கும்போதும் அதே உயரத்தை எதிர்பார்க்கிறது. கிடைப்பது கொஞ்சம் கீழே. அந்தச் சின்ன இறக்கத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாட்டு படித்தவர் யாராவது தெரிந்திருந்தால், இரண்டு தைவதங்களையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு இந்தக் கட்டுரையைவிட அது நன்றாகப் புரியும்.

ஆனால் அதே பைரவியைக் கச்சேரியில் கேட்டுவிட்டு டிபனைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே வருகிறவர்கள் ஏராளம். ஆக ராகமும் பாதி வழி வரைக்கும்தான் வருகிறது.

அந்தப் பாட்டின் தொடக்கத்தை நிறுத்திப் படித்துப் பாருங்கள். ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி ஓதுவார் தமை.’ கண்ணீர் யாருக்கு வருகிறது? பாடுகிறவருக்கு. கேட்கிறவரைப் பற்றிச் சம்பந்தர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வள்ளலாரும் திருவாசகத்தைத் தான் கலந்து பாடும்போதுதான் இனிக்கிறது என்கிறார். உங்கள் பெரியத்தை கேட்டு அழவில்லை, பாடி அழுகிறார். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து விட்டு, பக்கத்தில் இருப்பவர் குரலோடு தன் குரலைச் சேர்த்து, எத்தனையோ வருடங்களாக அதே வரியைப் பாடிவருகிறார். அந்த வரியை முதலில் யாரோடு பாடினார், அவர்களில் யார் யார் இப்போது இல்லை, எந்தெந்தத் தைப்பூசத்தில் எதற்காக வேண்டிக்கொண்டு பாடினார் என்பதெல்லாம் அதில் படிந்திருக்கும். அகராதிப் பொருள் தெரியாது என்பதால் அந்தப் பாட்டில் அவருக்குப் பொருளே இல்லை என்று உங்கள் மகன் முடிவுகட்டிவிட்டான். அவரையே ஒருநாள் கேட்கச் சொல்லுங்கள், கிரியோலிலேயே. “இந்தப் பாட்டை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்று தொடங்கினால் போதும். பதில் சீக்கிரம் முடியாது.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. பத்து நாள் விரதம் இருந்து, கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்கு வெயிலில் காவடியோடு நடப்பவர்களுக்குக் கண்ணீர் வர ‘வேல் வேல்’ என்ற சத்தமே போதும். உண்ணாத உடம்பும் தூங்காத கண்ணும் சேர்ந்தால் அப்படித்தான். அதைப் பக்திக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்தி உடம்பைவிட்டு வேறெங்கே போய் உட்காரும்? ஜப்பானில் மோரி, இவனாகா என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுக் கேட்டுச் சிலிர்ப்பவர்களின் உடல் கிளர்ச்சி அடைகிறது, கண்ணீர் வருபவர்களின் மூச்சோ மெதுவாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அழுதால் லேசாகிறது என்று நம் பெண்கள் எப்போதும் சொல்வதுதான்.

சரி, உங்கள் குறைக்கு வருவோம். அழாதது குறையே இல்லை. கண்ணீரை வைத்துப் பாட்டுக்கோ ஆளுக்கோ மதிப்பெண் போடும் பழக்கம் டிவி பாட்டுப்போட்டிகள் கொடுத்தது. பையன் பல்லவியை முடிப்பதற்குள் கேமரா நடுவரின் கண்ணுக்குப் போய்விடுகிறது. பின்னால் வயலின்களை ஏற்றுகிறார்கள், அம்மாவைக் காட்டுகிறார்கள், மெதுவாக்கிக் காட்டுகிறார்கள். அந்த அழுகை எனக்கும் வந்திருக்கிறது, விளம்பரம் வந்ததும் போயும் இருக்கிறது. மிகப் பெரிய சங்கீதத்தில் பாதி யாரையும் அழவைப்பதில்லை. அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரத் தோன்றும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குழு பாடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘ழ’ எல்லாம் ‘ல’ ஆவதையும், பிரெஞ்சு எழுத்தால் நெடில் குறுகுவதையும் உங்கள் காது எண்ணிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். வாத்தியார் காதுக்கு அது இயல்பு. திருத்தும் காதுக்கு அழுகை வராது. வெள்ளிக்கிழமை ஒருநாள் நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். அழுகை வராமலே போகலாம். பாடியது மிச்சம்.

பொருள் சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகச் சொல்லுங்கள். பொருள் தெரிந்தால் கண்ணீர் வற்றிவிடும் என்பது, மக்களை அறியாமையில் வைத்திருந்தால்தான் பக்தி நிலைக்கும் என்பது போன்ற பேச்சு. ஆனால் பதவுரை வேண்டாம். ‘மல்கி என்றால் பெருகி’ என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் மூன்றாம் வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். அந்தப் பாட்டு எங்கே, எந்த நிலையில் பாடப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். நமச்சிவாயப் பதிகம் சம்பந்தரின் கல்யாணத்தில் பாடியது. நல்லூர்ப் பெருமணத்தில், மணக்கோலத்தில் நின்று அதைப் பாடிவிட்டு, வந்தவர்கள் எல்லோரையும் சோதிக்குள் போகச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். கல்யாண வீடு அப்படியே காலியாகிறது. இதைக் கிரியோலில் சொல்லிவிட்டு அந்த வரியைப் பாடச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வகுப்புக்கு அதைவிட ‘மாசில் வீணையும்’ நல்லது. அந்தப் பாட்டில் சோகமாக ஒரு சொல்கூடக் கிடையாது. வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை, இப்படியிருக்கிறது ஈசன் நிழல் என்கிறது. சொற்பொருள் மட்டும் தெரிந்தவர் இதைக் குளிர்ச்சியான பாட்டு என்றுதான் நினைப்பார். அப்பர் இதைப் பாடியது சுண்ணாம்புக் காளவாயில். பல்லவ மன்னன் அவரை நீற்றறைக்குள் அடைத்து ஏழு நாள் வைத்தான் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. நம் கடற்கரையில் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த பழைய சூளைகளை உங்கள் குழுவினர் பார்த்திருப்பார்கள். கரும்புச்சாற்றைத் தெளியவைக்க ஆலைக்குச் சுண்ணாம்பு வேண்டும், ஆகவே அந்த வேலை எப்படிப்பட்டது என்று அவர்களுடைய தாத்தா காலத்துப் பேச்சிலேயே இருந்திருக்கும். அந்தச் சூளைக்குள் உட்கார்ந்து ஒருவர் தென்றல் என்கிறார் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. இங்கே அழவைப்பது சொல்லா ராகமா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. நிலா என்ற சொல்லுக்கு அங்கே நிலா மட்டும் பொருள் இல்லை.

வாரம் ஒரு பாட்டு, கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கதையைப் பாடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், நடுவில் நிறுத்திச் சொல்லாதீர்கள். உச்சரிப்பைத் திருத்துவதை இரண்டாம் மாதத்துக்கு ஒத்திவையுங்கள், அதையும் பெரியத்தையிடமிருந்து தொடங்க வேண்டாம். தைப்பூசக் கொடி ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. விரதம் தொடங்கிவிட்டால் பாடம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது.

அன்புடன்.