முடி கொட்டுதா? முதலில் காரணத்தைப் பிடிப்போம்

முடி கொட்டுவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒரு தோல் மருத்துவராக இங்கே பதில் எழுதுகிறேன். இது ஒரே நோய் இல்லை, பல வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எண்ணெயும் மாத்திரையும் வாங்கினால் பணமும் போகும், காலமும் போகும்.

குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது டாக்டர். தலை வாரினாலே கொத்துக் கொத்தாக வருகிறது. மொத்தமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

போகாதும்மா, தைரியமாக இருங்கள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகம் இருப்பதால், வழக்கமாக உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிரசவத்துக்குப் பின் அது சட்டென்று இறங்கியதும், நின்றதெல்லாம் சில மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டும். வேர் சாகவில்லை. நெற்றியோரம் குட்டை முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறதா பாருங்கள், அது புதிதாக வளர்வதுதான். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பழைய அடர்த்தி வந்துவிடும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்த வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

டெங்கு வந்து தேறி மூன்று மாதம் ஆகிறது. இப்போது போய் ஏன் கொட்டுகிறது? ஷாம்பு மாற்றியதாலா?

ஷாம்பு இல்லை சார். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது, எதுவானாலும் முடியில் அதன் விளைவு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். தீபாவளிக்கு வந்த காய்ச்சலுக்குப் பொங்கலில்தான் முடி கொட்டும். பொதுவாக ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்புதான்.

வயது 24. முன்நெற்றி ஏறுகிறது, அப்பாவுக்கும் வழுக்கை. மினாக்சிடில் என்ற, தலையில் பூசும் மருந்தைப் போட்டேன். மூன்றே வாரத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டியதால் நிறுத்திவிட்டேன்.

அங்கேதான் தம்பி பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் சில வாரம் அப்படிக் கொட்டுவது மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி வருகிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும், அதனால் தொடர்ந்து போட முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்களுடையது பரம்பரை வழுக்கை போலத் தெரிகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன், அதற்கு இடம் கொடுக்கும் வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். அம்மா வழியிலும் வரலாம். ஃபினாஸ்டிரைடு மாத்திரை டிஹெச்டியைக் குறைக்கும். சிலருக்குப் பாலியல் ஆர்வம் குறையும், மனச்சோர்வும் வரலாம். அதனால் கடையில் நீங்களாக வாங்காமல், மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

எனக்கு 32 வயது. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. மாதவிடாயும் ஒழுங்கில்லை, முகவாயில் முடி வளர்கிறது. கணவர் போடும் மருந்தையே போடலாமா?

முதலில் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோன் கூடினால் முகத்தில் முடி வளரும், தலையில் மெலியும். மினாக்சிடில் பெண்களுக்கும் உண்டு, ஆனால் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் வேண்டாம். கணவரின் ஃபினாஸ்டிரைடை மட்டும் தொடவே தொடாதீர்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் எடுக்கக்கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

பையனுக்குத் தலையில் ரூபாய் நாணயம் அளவு புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார்கள்.

எந்தப் புழுவும் கடிக்கவில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி முடி வேரைத் தாக்குவதால் வருவது இது. சிறு திட்டு பல நேரம் தானாகவே முளைத்துவிடும், பெயர் வெங்காயத்துக்குப் போகும். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். ஸ்டீராய்டு களிம்பு, வயதுக்கேற்ப ஊசி என்று நல்ல சிகிச்சை இருக்கிறது. திட்டில் செதில், அரிப்பு, உடைந்த முடி இருந்தால் அது பூஞ்சையால் வரும் படை. அதற்கு உள்ளுக்குப் பூஞ்சை மருந்து தர வேண்டும், மேலே பூசினால் மட்டும் போகாது.

போர் தண்ணீர், ஹெல்மெட்டால் முடி கொட்டுமா?

உப்புத் தண்ணீர் முடியை வறட்டி உடைக்கலாம், வழுக்கையாக்காது. ஹெல்மெட்டாலும் வழுக்கை வராது, வண்டி ஓட்டும்போது கழற்றவே வேண்டாம். இழுத்துக் கட்டும் பின்னல்தான் நெற்றியோர முடியைத் தின்னும்.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். நல்லதுதானே?

குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பலன் இல்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தவறாகக் காட்ட வைக்கும். பரிசோதனைக்கு முன் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

முடி நட்டுக்கொள்ளலாமா?

பின்னந்தலை முடி டிஹெச்டிக்கு அவ்வளவாக அசைவதில்லை, அதைத்தான் எடுத்து முன்னால் நடுகிறார்கள். ஆனால் அங்கே எடுக்கக்கூடிய முடிக்கு அளவு உண்டு. 22 வயதில் அவசரப்பட்டு நட்டால், சுற்றியுள்ள பழைய முடி பிறகு கொட்டி, நட்டது மட்டும் தனியாக நிற்கும். முதலில் மருந்தில் கொட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம், முன்பணம் கட்டுவதற்கு முன் அறுவை சிகிச்சையைச் செய்யப்போவது பயிற்சி பெற்ற மருத்துவரா, வெறும் டெக்னீஷியனா என்று நேராகவே கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.