நெஞ்சக மருத்துவர் பதில்கள்: ஹார்மோன் மாத்திரையால் நுரையீரலில் புற்றுநோய் வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பெல்லாம் கொதிக்கிறது, தூக்கமே இல்லை என்று சில வருடங்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டார். இப்போது நுரையீரல் புற்றுநோய் என்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் புகைப்பதில்லை. மாத்திரைதான் காரணமா? மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமோக்சிஃபென் இதற்கும் உதவுமா?
‍— வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரைதான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் தள்ளிவிட மாட்டேன்.

இத்தகைய மாத்திரைகளில் இருக்கும் பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். அதை உணரும் ஏற்பிகள் நுரையீரல் செல்களிலும் உண்டு, ஆண்களுக்கும்தான். சில கட்டிகள் அரோமடேஸ் என்ற நொதியை வைத்து ஈஸ்ட்ரோஜனைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையும் மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002இல் நிறுத்தினார்கள். நுரையீரல் கணக்கு 2009இல் வெளிவந்தது. நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் அந்நோயால் இறந்தவர்கள் ஹார்மோன் பிரிவில் 73 பேர், மற்றதில் 40 பேர். அதாவது, ஏற்கெனவே இருந்த கட்டியை மாத்திரை முடுக்கிவிட்டிருக்கலாம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இந்த வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா சாப்பிட்டது எது என்று பழைய மருந்துச் சீட்டைப் பாருங்கள். இன்னும் சாப்பிடுகிறார் என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

டாமோக்சிஃபென் வேண்டாம். அதைப் போல ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகளை நுரையீரல் புற்றுநோயில் சோதித்திருக்கிறார்கள், வழக்கமான சிகிச்சையாகும் அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதோடு டாமோக்சிஃபென் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். இந்த நோயாளிகளுக்கு அந்த அபாயம் ஏற்கெனவே அதிகம்.

அப்புறம், அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார்? ஹார்மோனை விட அந்தப் புகை மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அது போன காலம், இப்போது கேட்க வேண்டியது வேறு: திசுப் பரிசோதனையில் கட்டியை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? புகைக்காத ஆசியப் பெண்களிடம் அது அதிகம். இருந்தால் ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும். முடிவு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.